தாயின் கைகள் செய்ததை அறிவீர்களா?



மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வரும்போது நம் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனையின் முடிவில் தாய்மார்களை முன்னே அழைத்து, ஆளுக்கு ஒரு ரோஜாப்பூவும் ஒரு சிறு பரிசும் கொடுக்கிறோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாடுகிறார்கள். போதகர் ஜெபிக்கிறார். மாலைக்குள் நம் கைப்பேசிகளில் பூக்களின் படங்களும் வாழ்த்துகளும் நிறைந்துவிடுகின்றன. நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஜெபத்தை ஏறெடுத்து வந்திருக்கிறேன். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆயினும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். உங்கள் தாய்க்கு நன்றி என்று சொல்லும்போது, எதற்காக நன்றி சொல்லுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

பெற்றார்கள், வளர்த்தார்கள், படிக்க வைத்தார்கள் என்று எல்லாரும் சொல்லுவோம். அது எல்லாத் தாய்மார்களுக்கும் பொருந்தும் பதில். உங்கள் தாய் என்ன வேலை செய்து உங்கள் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினார்கள்? எந்த ஆண்டில் யாரிடம் போய்க் கடன் கேட்டு நின்றார்கள்? எந்த ஆசையை உங்கள் நிமித்தம் விட்டுவிட்டார்கள்? இவற்றை அறியாமல் சொல்லப்படும் நன்றி, விலாசம் எழுதாமல் தபாலில் போட்ட கடிதத்தைப் போன்றது. எழுதியவருக்குத் திருப்தி உண்டு. சேரவேண்டியவருக்கு அது போய்ச் சேருவதில்லை.

இதை நான் பிறரைக் கண்டித்து எழுதவில்லை. இந்தக் காரியத்தில் முதலாவது தவறினவன் நானே. அதைச் சொல்லுவதற்குமுன், இந்தத் தினம் எப்படி உண்டாயிற்று என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

ஒரு மகள் கேட்டது

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்ற ஒரு தாய் இருந்தார். மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகள். தம் பிள்ளைகளில் பலரைச் சிறு வயதிலேயே நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு வீட்டுக்குள் முடங்கிவிடாமல், 1850களில் தம் வட்டாரத்துத் தாய்மார்களைக் குழுக்களாகக் கூட்டி, சுத்தமான தண்ணீர், கெடாத பால், நோயாளிகளைப் பராமரிக்கும் முறை ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தார். உள்நாட்டுப் போர் வந்தபோது அந்தக் குழுக்கள் இரு தரப்புப் போர்வீரர்களுக்கும் பணிவிடை செய்தன. பல ஆண்டுகள் ஞாயிறு பள்ளி ஆசிரியையாகவும் இருந்து, 1905ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி மரித்தார்.

அவருடைய மகள் ஆனா ஜார்விஸ், தாயின் நினைவாக 1908ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி கிராஃப்டன் என்ற ஊரிலுள்ள மெதடிஸ்ட் ஆலயத்தில் ஒரு ஆராதனை நடக்க ஏற்பாடு செய்தார். தாய்க்குப் பிரியமான வெள்ளைக் கார்னேஷன் மலர்கள் 500ஐ அந்த ஆலயத்துக்கு அனுப்பினார். 1914இல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் மே மாத இரண்டாம் ஞாயிற்றை அந்நாட்டின் தாயார் தினமாக அறிவித்தார். இன்று உலகின் பல தேசங்களில் நாம் ஆசரிக்கும் நாள் இதுவே.

ஆனால் சில ஆண்டுகளுக்குள் பூக்கடைக்காரரும், மிட்டாய் வியாபாரிகளும், வாழ்த்து அட்டை அச்சிடுவோரும் அந்த நாளைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஆனா ஜார்விஸ் மனம் நொந்தார். தாய்க்குத் தன் கையால் நாலு வரி எழுத மனமில்லாத பிள்ளைகளுக்கே அச்சிட்ட அட்டை தேவைப்படுகிறது என்பது அவருடைய துக்கம். தாம் உண்டாக்கின தினத்தின் வியாபாரத்தை எதிர்த்துப் போராடியே தம் பிற்காலத்தைக் கழித்தார். விவாகம் செய்யாதவராய், பிள்ளையில்லாதவராய், 1948இல் ஒரு மருத்துவ விடுதியில் மரித்தார்.

இன்னொரு காரியமும் உண்டு. நாம் தமிழில் "அன்னையர் தினம்" என்று பன்மையில் சொல்லுகிறோம். ஆனா ஜார்விஸ் விரும்பினது ஒருமை. உலகத்துத் தாய்மார் அனைவரையும் மொத்தமாகப் புகழும் நாளாக அல்ல, அவனவன் தன்தன் தாயை, அவள் செய்த கிரியையை, நினைக்கும் நாளாக அது இருக்கவேண்டும் என்றே அவர் பிடிவாதமாய் நின்றார். பொதுவான தாய்மையைப் புகழுவது எளிது. என் தாயைக் குறித்து நான் என்ன அறிவேன் என்பதே கடினமான கேள்வி.

நான் மறைத்த வேலை

என் சொந்த ஊர் ஆலங்குளத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூர். அன்று அது திருநெல்வேலி மாவட்டம். 2019 முதல் தென்காசி மாவட்டம். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றினார்கள். என் தாயாரும் பதினான்கு வயதிலிருந்து சுற்றினார்கள். என் தகப்பனார் பிறர் வயலில் கூலிக்குப் போனவர். 1981இல், எனக்குப் பதின்மூன்று வயதாயிருக்கையில், அவர் மரித்தார். அதன்பின் எங்கள் வீட்டுக்கு வருமானம் என்றால் அம்மாவின் மடியிலிருந்த சுளகுதான்.

அந்த வேலையை அறியாத வாசகருக்காகச் சொல்லுகிறேன். கடையிலிருந்து இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். இலையை நனைத்து, ஈரச்சாக்கில் சுற்றிவைத்து, பதமானபின் தகர அளவை வைத்துக் கத்தரியால் ஒவ்வொன்றாய் வெட்டவேண்டும். வெட்டின இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்கவேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. தரம் பார்ப்பவர் கழித்துப்போட்ட பீடிக்குக் கூலி இல்லை. கொடுத்த இலை போதாமல் போனால், சொந்தப் பணத்தில் வெளியே வாங்கிச் சேர்க்கவேண்டும். நாள் முழுதும் குனிந்தே உட்காருவதால் முதுகு நோகும். தூள் நெஞ்சில் ஏறி இருமல் வரும். கை எத்தனைமுறை சோப்புப் போட்டாலும் புகையிலை வாசனை போகாது. அந்தக் கையால்தான் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினார்கள். என் தாயார் தம் வாழ்நாளில் ஒரு பீடியையும் வாயில் வைத்ததில்லை.

1987இல் நான் வேதாகமக் கல்லூரியில் சேர்ந்தேன். முதலாம் ஆண்டிலேயே, சரீரம் தேவனுடைய ஆலயம், புகையிலை அதைக் கெடுக்கிறது என்று பிரசங்கிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த உபதேசத்தில் இன்றும் எனக்கு மாற்றமில்லை. ஆனால் அந்த வைராக்கியத்தில் என் தாயாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். "அம்மா, இந்தத் தொழில் கர்த்தருக்குப் பிரியமானது அல்ல. இதை உடனே விட்டுவிடுங்கள். கர்த்தர் உங்களைப் போஷிப்பார்" என்று எழுதினேன். என் சாப்பாட்டுக் கட்டணம் மாதந்தோறும் ஊரிலிருந்து மணியார்டராக வந்துகொண்டிருந்தது. அது எந்தக் கையிலிருந்து வருகிறது என்று யோசிக்க அந்த வைராக்கியத்தில் இடமில்லை. எழுதப்படிக்கத் தெரியாத என் தாயார் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக்கொண்டு ஒரே வரியில் பதில் எழுதுவித்தார்கள். பீடியை விட்டுவிட்டதாக அதில் இருந்தது. நான் வகுப்பில் அதைச் சாட்சியாகச் சொன்னேன். எல்லாரும் கர்த்தரை ஸ்தோத்திரித்தார்கள்.

1991இல் பம்பாய்க்கு வந்தேன். தாராவியில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறு அறையில் ஜெபக்கூட்டம் தொடங்கினோம். 1996இல் என் தாயாரை ஒரு மாதம் அழைத்து வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு, அவர்கள் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருக்க, நான் என் சாட்சியைச் சொன்னேன். "நான் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தேன்" என்று ஆரம்பித்தேன். அப்பா வயலுக்குக் கூலிக்குப் போனது உண்மைதானே, ஆகவே இது பொய் அல்ல என்று என் மனச்சாட்சிக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பீடி என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. போதகரின் தாய் பீடி சுற்றினவள் என்று சபை அறிந்தால் என்ன நினைக்கும் என்ற பயமே காரணம்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் என் தாயாரிடம், "ஊர்ல நீங்க என்ன வேலை பாத்தீங்கம்மா?" என்று கேட்டார். திரைக்குப் பின்னால் நான் பிரசங்கம் ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "வயக்காட்டு வேலைதாம்மா" என்றார்கள்.

பொய் சொல்லக் கூடாது என்று எனக்குப் பிரம்பால் அடித்துக் கற்றுக்கொடுத்த தாய், என் சாட்சியைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னார்கள். நான் எழுந்து போய்த் திருத்தவில்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கேட்டபோது கிடைத்த பதில்

2023இல் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. என் தங்கை வீட்டில் பத்து நாட்கள் கூட இருந்தேன். கல்லூரிக்குப் போனபின் நான் அவர்களோடு தொடர்ந்து தங்கின நாட்களில் அதுவே அதிகம். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவர்களுக்கு வேதம் வாசித்துக் காட்டினேன்; மற்ற நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மத்தியானம், "அம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு பீடி சுத்துவீங்க?" என்று கேட்டேன். ஐம்பத்தைந்து வயதில் முதல்முறையாகக் கேட்டேன்.

"எதுக்குய்யா இப்ப அதெல்லாம்?" என்றார்கள். பிறகு, "எண்ணூறு சுத்துவேன். நீ பத்தாவது பரீட்சை எழுதுன வருசம் ஆயிரம் சுத்துனேன்" என்றார்கள்.

"நான் காலேஜுல இருந்து கடிதம் போட்டதும் விட்டுட்டீங்களே, அப்புறம் பணத்துக்கு என்ன செஞ்சீங்க?" என்றேன்.

அம்மா சிரித்தார்கள். "எங்க விட்டேன்? என் பாஸ் புத்தகத்தைக் கடையில கொடுத்துட்டேன். அடுத்த வீட்டுக்காரி புத்தகத்துல சேத்துச் சுத்திக் கொடுத்தேன். நீ லீவுக்கு வாரன்னா சுளகை அவ வீட்டுல கொண்டு வச்சிருவேன். உனக்குப் பணம் அனுப்பணும்லா?"

நான் அன்றிரவு தூங்கவில்லை. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு எண்ணூறு, ஆண்டுக்கு முந்நூறு நாள் என்றால், நான் வேதம் படித்த மூன்று ஆண்டுகளில் 7,20,000 பீடிகள். கட்டுகளாக எண்ணினால் 28,800. நான் எபிரெயர் நிருபத்தைப் படித்ததும், பிரசங்கக் கலையைக் கற்றதும், தாய்க்கு உபதேசம்பண்ணிக் கடிதம் எழுதியதும் அந்தக் கட்டுகளின்மேல் உட்கார்ந்தே. சொந்தப் பெயரில் சுற்றியிருந்தால் அவர்கள் பேரில் சேர்ந்திருக்கவேண்டிய வருங்கால வைப்புநிதியும், என் கடிதத்தின் பலனாகப் பக்கத்து வீட்டுக் கணக்கில் போயிற்று. அதைக் குறித்து அம்மா ஒரு வார்த்தையும் முறையிடவில்லை.

வாசல்களில் சொல்லப்படவேண்டியது

நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம் நம் எல்லாருக்கும் தெரியும். தாயார் தினத்தில் தவறாமல் வாசிக்கப்படும் பகுதி. அது லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் உபதேசித்ததாக முதல் வசனம் சொல்லுகிறது. அந்த ஸ்திரீயைக் குறித்து அங்கே எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஆட்டுமயிரும் சணலும், இராட்டினமும் கதிரும், இரவில் அணையாத விளக்கும் வருகின்றன. அவளுடைய கைகள் செய்த வேலை ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறது. கடைசி வசனம், அவள் கைகளின் பலனை அவளுக்குக் கொடுக்கும்படியும், அவளுடைய கிரியைகள் வாசல்களில் அவளைப் புகழவேண்டும் என்றும் முடிகிறது. அந்நாட்களில் பட்டணத்து வாசல் என்பது மூப்பர்கள் கூடி நியாயம் விசாரிக்கும் இடம். ஊர் முழுவதும் கேட்கும் இடம். சமையலறையில் மெதுவாய்ச் சொல்லும் நன்றியை மாத்திரம் வேதம் கேட்கவில்லை. அவள் செய்தது இன்னதென்று வாசலில் சொல்லவேண்டும். நான் என் வாசலில் அதை மறைத்தேன்.

அன்னாளை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைச் சீலோவில் விட்டுவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பினவள். வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்று 1 சாமுவேல் 2:19 கூறுகிறது. கண்ணுக்கு மறைவாய் வளருகிற பிள்ளைக்கு அளவெடுக்காமல் தைக்கவேண்டும். இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதினாலே அளந்து தைத்திருக்கவேண்டும். மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் சூரத்திலும் வேலைக்கு வந்திருக்கிற நம் ஒவ்வொருவருக்கும் ஊரில் அப்படி அளந்துகொண்டிருக்கிற ஒரு தாய் உண்டு, அல்லது இருந்தாள். ஊறுகாய்ப் பாட்டிலும் முறுக்கு டப்பாவுமாய் ரயிலில் வந்து சேர்ந்தவை அந்தச் சட்டையின் இனத்தைச் சேர்ந்தவையே.

அப்போஸ்தலனாகிய பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவன் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். ரோமாபுரியிலுள்ள ரூபுவின் தாய் தமக்கும் தாய் என்று ரோமர் 16:13இல் அறிக்கையிடுகிறார். ஊழியத்தில் பெரியவரான அவர், தம்மைப் போஷித்த ஒரு ஸ்திரீயின் கடனை நிருபத்தில் எழுதி எல்லாச் சபையும் அறியச் செய்தார். தம்மைப் பெறாத தாய்க்கே அவர் இதைச் செய்தார் என்றால், பெற்ற தாய்க்கு நாம் என்ன செய்யவேண்டும்?

கொர்பான் என்னும் சாக்கு

இன்னும் ஒரு காரியம், குறிப்பாக ஊழியர்களுக்கும் சபைக் காரியங்களில் ஓடியாடி உழைக்கிறவர்களுக்கும். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் பரிசேயரைக் கண்டித்த இடத்தை வாசியுங்கள். தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதை, அது கொர்பான், தேவனுக்கென்று கொடுத்தாயிற்று என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுகிறவர்கள், தங்கள் பாரம்பரியத்தினால் தேவ வசனத்தையே அவமாக்குகிறார்கள் என்றார். நான் இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் "கன்வென்ஷன் இருக்கிறது, இந்தக் கிறிஸ்துமஸுக்கு வர இயலாது", "உபவாச ஜெபம் இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று நான் தொலைபேசியில் சொன்னபோதெல்லாம், கொர்பான் என்ற சொல்லைத்தான் வேறு வார்த்தைகளில் சொன்னேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

கல்வாரியில் நம் ஆண்டவருக்கு இருந்ததைவிடப் பெரிய ஊழியம் ஒருவருக்கும் இல்லை. அந்த நேரத்திலும் அவர் தம் தாயைக் கண்டு, அவளை ஏற்றுக்கொள்ளும்படி தம்முடைய சீஷனிடத்தில் ஒப்புவித்தார் (யோவான் 19:26, 27). பெற்றாருக்குப் பதில் நன்மை செய்ய முதலாவது வீட்டிலே கற்றுக்கொள்ளவேண்டும், அது தேவனுக்குப் பிரியமானது என்று பவுலும் எழுதுகிறார் (1 தீமோத்தேயு 5:4). அது ஊழியத்துக்குத் தடை அல்ல, அதுவே ஊழியம்.

வேதத்துக்குச் செவிகொடாதவர்களுக்குத் தேசத்தின் சட்டமும் பேசுகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் தங்கள் வளர்ந்த பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தில் மனுக்கொடுக்கலாம். மகனும் மகளும் இருவருமே பொறுப்பாளிகள். பெற்ற தாய், தத்தெடுத்த தாய், மாற்றாந்தாய் ஆகிய மூவரும் சட்டத்தின் பார்வையில் தாயே. தம் பராமரிப்பில் இருக்கவேண்டிய முதியவரைக் கைவிட்டுவிடுகிறவருக்கு மூன்று மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உதவி தேவைப்படும் முதியோருக்கு 14567 என்ற தொலைபேசி எண் உண்டு. உங்கள் தெருவில் கைவிடப்பட்ட ஒரு தாய் இருந்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள். ஆனால் விசுவாசியின் தாய் அந்த எண்ணைத் தேடும் நிலை வரலாகாது.

என்ன செய்யவேண்டும்?

முதலாவது, கேளுங்கள். இந்த வாரத்திலேயே உங்கள் தாயைத் தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா" என்பதோடு நிறுத்தாமல் ஒரு கேள்வி கேளுங்கள். நான் பிறந்த வருஷம் வீட்டில் என்ன வருமானம்? என் படிப்புக்குப் பணம் எப்படிப் புரட்டினீர்கள்? நீங்கள் என்னவாக விரும்பினீர்கள்? முதலில் "அதெல்லாம் எதுக்கு" என்பார்கள். விடாமல் அன்பாய்க் கேளுங்கள். சொன்னதை எழுதிவையுங்கள், கைப்பேசியில் அவர்கள் குரலிலேயே பதிவுசெய்யுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது சுதந்தரமாகும்.

இரண்டாவது, பிறர் கேட்கச் சொல்லுங்கள். தாயின் வேலை எதுவானாலும் அதை மறைக்காதிருங்கள். வீட்டு வேலை, துப்புரவு வேலை, சித்தாள் வேலை, இட்லிக் கடை எதுவானாலும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கப்படவேண்டியது மறைக்கிறவனே.

மூன்றாவது, செய்யுங்கள். மாதப் பணத்தை அவர்கள் கையிலோ அவர்கள் பெயரிலுள்ள கணக்கிலோ சேருங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் பிறரிடம் கைநீட்ட வைக்காதிருங்கள். கண், பல், காது, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கொருமுறை பரிசோதனை செய்வியுங்கள். விடுமுறையில் நான்கு நாளை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் மாத்திரம் ஊருக்குப் போகிறவர்களாயிராதிருங்கள்.

சகோதரரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. தாய்க்கு நன்றி என்ற பெயரில் அந்தச் சுமை முழுவதையும் மனைவியின் தலையில் ஏற்றிவிட்டு, "என் அம்மாவை நான் வைத்துப் பார்க்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளாதிருங்கள். கஞ்சி காய்ச்சவும், கால் பிடித்துவிடவும், மருத்துவமனை வரிசையில் நிற்கவும் உங்களுக்கும் கைகள் உண்டு. உங்கள் மனைவிக்கும் ஊரில் ஒரு தாய் உண்டு என்பதையும் மறவாதிருங்கள்.

தாயை இழந்தவர்கள், இனி என்ன செய்வது என்று துக்கப்படலாம். அவர்களோடு வேலை செய்த ஒரு சித்தியோ அத்தையோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ இன்னும் இருக்கக்கூடும். அவர்களிடம் கேளுங்கள்; அந்த நன்றியை அவர்களுக்குச் செய்யுங்கள். தாய் விட்டுப்போனதால் பாட்டியிடம் வளர்ந்தவர்களும், தாயினால் காயப்பட்டவர்களும் நம் சபைகளில் உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்தி ரோஜாப்பூக் கொடுக்கச் சொல்லாதிருப்போம். அவர்களை ஏந்தி வளர்த்த கை எதுவோ, அதைத் தேடிப்போக அவர்களுக்குத் துணைநிற்போம்.

சபையில் நடந்தது

2024 மே மாதத்தில் அந்த ஞாயிறு வந்தபோது நான் பிரசங்கக் குறிப்பை மூடிவைத்தேன். "என் தாய் பீடி சுற்றினவர்கள். அந்தப் பணத்தில்தான் நான் வேதம் படித்தேன். முப்பத்துமூன்று ஆண்டுகளாய் இதை உங்களுக்கு மறைத்தேன், என்னை மன்னியுங்கள்" என்றேன். சபை அமைதியாயிருந்தது. பின்பு வங்கியில் வேலைசெய்யும் ஒரு தம்பி எழுந்து, தன் தாய் தூத்துக்குடி உப்பளத்தில் உப்புச் சுமந்தவர் என்றான். இன்னொரு சகோதரி, தன் அம்மா சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டினவர் என்றார். தாராவியிலேயே வளர்ந்த ஒரு சகோதரர், தன் தாய் வீடு வீடாய்ப் பாத்திரம் கழுவினதைச் சொல்லி, அந்த வீடுகளில் ஒன்றில் இப்பொழுது தான் கணக்கு எழுதிக்கொடுப்பதாகச் சொன்னார். ஆராதனை முடிய மத்தியானம் இரண்டு மணியாயிற்று. அன்று ரோஜாப்பூவை எல்லாரும் மறந்துபோனோம்.

மாலையில் அம்மாவை அழைத்து, சபையில் சொல்லிவிட்டேன் என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. "பீடின்னேவா சொன்ன?" என்று கேட்டார்கள்.

"ஆமாம்மா. பீடின்னே சொன்னேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

"இல்லம்மா."

"அப்ப சரி" என்றார்கள். பின்பு, "அடுத்த மொற வந்தா அந்த அக்காட்ட நானும் உண்மையச் சொல்லிருதேன்" என்றார்கள். இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்த ஒரு பொய் அவர்கள் மனதில் கிடந்திருக்கிறது. அது என்னுடைய பொய்.

பிரியமானவர்களே, தாயையும் தகப்பனையும் கனம்பண்ணவேண்டும் என்பது வாக்குத்தத்தத்தோடுகூடிய முதலாம் கற்பனை. கனம்பண்ணுவதன் ஆரம்பம், அவர்கள் செய்ததை அறிவது. அறிய இன்னும் நேரம் இருக்கும்போதே கேளுங்கள். கர்த்தர் உங்கள் தாய்மாரைச் சுகத்தோடும் சமாதானத்தோடும் காப்பாராக. அவர்கள் கைகளின் பலனை அவர்கள் கண்டு மகிழச் செய்வாராக. ஆமென்.